ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் சத்தம் இல்லையா? சர்வீஸ் ரீஸ்டார்ட்டா, டிரைவர் மாற்றமா?

லேப்டாப்பைத் திறந்தால் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. முதலில் ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி, எச்டிஎம்ஐ மானிட்டருக்கு அவுட்புட் தாவியிருக்கிறதா என்று பாருங்கள். பல பேருக்கு அதுதான் வியாதி. அது இல்லையென்றால் விண்டோஸில் இரண்டு வழி: சத்தத்தைக் கவனிக்கும் பின்னணி நிரலை (சர்வீஸ்) ரீஸ்டார்ட் செய்வது, அல்லது சவுண்ட் ஹார்ட்வேரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை (டிரைவர்) மாற்றுவது.

நேரம்
சர்வீஸ்: ஒரு நிமிடம் போதும். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடி, 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' மேல் ரைட் கிளிக், ரீஸ்டார்ட். 'விண்டோஸ் ஆடியோ' இதை நம்பியிருப்பதால் அதுவும் சேர்ந்தே ரீஸ்டார்ட் ஆகும். அப்புறமும் பிரவுசர் ஊமையாக இருந்தால் அதை மூடித் திறக்க வேண்டும்.
டிரைவர்: அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நிலைப்பு
சர்வீஸ்: அடுத்த ஸ்லீப்பில் பழைய குருடி கதவைத் திறடிதான்.
டிரைவர்: கோளாறு டிரைவரில் இருந்தால் நிரந்தரத் தீர்வு. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்த தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' (முந்தைய டிரைவருக்கே திரும்பும் பட்டன்) இருக்கிறதா பாருங்கள். புதிதாக இறக்குவதைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

சிக்கல்
சர்வீஸ்: அட்மின் அனுமதி வேண்டும், அவ்வளவே.
டிரைவர்: லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஃபைலை முதலில் இறக்கிவிட்டே பழையதை நீக்குங்கள். மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் சத்தம் தரும். ஆனால் ஈக்வலைசர் போன்ற வசதிகள் போய்விடலாம்.

எப்போதோ ஒருமுறை வந்தால், மீட்டிங் தொடங்கப்போகிறதென்றால், சர்வீஸ். தினமும் வந்தால் சனிக்கிழமை உட்கார்ந்து டிரைவரைப் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பா? ஐடி ஆளைக் கூப்பிடுங்கள்.