இணைப்பா, கூட்டு ஆணையமா, வரிப் பகிர்வா?

அக்கம்பக்கத்தில் இருக்கும் மூன்று நகரங்கள் சேர்ந்து வளர வழி சொல்லும் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் முன் மூன்று யோசனைகள். நான் கை தூக்கியது, புதிதாக வரும் வரியை ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வரிப் பகிர்வுக்கு.

நகரங்களை ஒன்றாக்கும் இணைப்பை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். 1998இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு ஆறு உள்ளாட்சிகளைச் சேர்த்து ஒரே டொரொண்டோ ஆக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வாக்கெடுப்பில் பெரும்பாலோர் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள்.

ஊர்கள் தனித்தனியாகவே இருந்து சில வேலைகளைச் சேர்ந்து செய்யும் கூட்டு ஆணையம் நல்ல ஏற்பாடு. இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டரில் 2011 முதல் பத்து உள்ளாட்சிகள் ஒரே ஆணையத்தில் உட்கார்ந்து போக்குவரத்தைத் திட்டமிடுகின்றன. ஆனால் கம்பெனி வந்த ஊருக்கே வரி முழுக்க என்றிருக்கும்வரை, ஆணையத்தில் கைகுலுக்குபவர்கள் வெளியே வந்ததும் போட்டியாளர்கள்தான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கம்பெனியின் கோப்பில் முதல் ஊர் ஐந்தாண்டு வரிவிலக்கு எழுதியிருந்தது. அடுத்த ஊர் ஏழு என்றது. முதல் ஊர் ஐந்தை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே பேனாவால் பத்து என்று திருத்தியது. எங்கே வந்தாலும் வேலைக்குப் போகப்போவது அதே ஆட்கள், அதே பேருந்தில்! அமெரிக்காவில் கான்சஸ், மிசூரி என்ற இரண்டு மாநிலங்களில் பரவியிருக்கும் கான்சஸ் சிட்டி வட்டாரத்தில் சலுகைக்காகவே கம்பெனிகள் மாநில எல்லையைத் தாண்டி இடம் மாறின. கான்சஸும் மிசூரியும் அந்தப் போட்டியை நிறுத்த உடன்பட்டது 2019இல்தான்.

வரிப் பகிர்வுக்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் சட்டமே போட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, மினியாபொலிஸ்–செயிண்ட் பால் வட்டாரத்தில் அந்த ஆண்டுக்குப் பிறகு வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை (வரி போடக் கணக்கில் எடுக்கும் மதிப்பு) எவ்வளவு வளர்கிறதோ, அதில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போகும். மிச்சம் கட்டடம் எழும்பிய ஊருக்கு. தொகுப்பைப் பிரிக்கும்போது மக்கள்தொகையோடு தலைக்குச் சொத்து மதிப்பையும் பார்ப்பார்கள். வசதி குறைந்த ஊருக்குக் கூடுதல் பங்கு. பழைய வருமானத்தில் யாரும் கை வைப்பதில்லை, இனி வருவதில்தான் பங்கு. எங்கள் குழுவில் தயங்கியவர்களை இசைய வைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

கொடுக்கிற ஊருக்கு வருத்தம் இருக்கும், அது நியாயமும்கூட. புதுக் கட்டடத்துக்குச் சாலையும் சாக்கடையும் போடுவது அந்த ஊர்தானே. மினசோட்டாவிலும் வழக்குத் தொடர்ந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் சட்டம் செல்லும் என்றது.

எங்கள் மூன்று ஊர்களின் வரிப் பகிர்வு ஏற்பாடு இதுவரை பார்த்தது இரண்டு பட்ஜெட், இரண்டும் நல்ல ஆண்டுகள். தேக்கம் வந்தாலும் பணக்கார ஊர் இதே மனதோடு பங்கு கொடுக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் ஒரு கிடங்கு நிறுவனம் இடம் கேட்டு வந்தபோது, மூன்று ஊர் அதிகாரிகளும் ஒரே வரைபடத்தை விரித்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிலம் எங்கே என்று தேடினார்கள். கிடைத்தது எங்கள் ஊரில் இல்லை. கையெழுத்தாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை.