பழைய டிரம் ரோலைப் புதுசாக்க எது நல்ல வழி: டாமா, நடையா, அழுத்தமா?

பல்லவி முடிந்து சரணத்துக்குள் போகுமுன் டிரம்மருக்கு ஒரு பார், அதாவது நாலு எண்ணிக்கை, கிடைக்கும். சரசரக்கும் ஸ்னேர் டிரம்மில் நாலு அடி, ஆழ்ந்த ஓசை தரும் டாம்களில் முதலாவதில் நாலு, அடுத்ததில் நாலு, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமில் நாலு, அப்புறம் கிராஷ் தட்டு. இந்த 16 அடி ரோல் பாளையங்கோட்டை சர்ச் பாடகர் குழுவிலும் உண்டு, தென்காசிப் பக்கத்து மெல்லிசை மேடையிலும் உண்டு, குலசை தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற குழுக்களோடு செல்லும் வண்டியிலும் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, பாட்டை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரோல் அது. ஆனால் ஒரு கச்சேரிக்கு இருபது பாட்டு, ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு இடம் என்று அதையே போட்டுக்கொண்டிருந்தால், ஆறாவது பாட்டிலேயே கீபோர்டுக்காரர் நம் பக்கம் திரும்புவதை விட்டுவிடுவார். என்ன வரப்போகிறது என்று அவருக்கு மனப்பாடம்.

இதைப் புதுசாக்க நான்கு வழிகள் சொல்வார்கள். புது ரோல்களைப் படித்துச் சேர்ப்பது, அதே அடிகளை வேறு டாம்களுக்கு மாற்றுவது, நடையை, அதாவது ஒரு எண்ணிக்கைக்குள் விழும் அடிகளின் கணக்கை, மாற்றுவது, அடிகளை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் நகர்த்துவது. நான் கடைசி வழியின் பக்கம். அது எல்லா மேடைக்கும் ஒத்துவராது, எங்கே ஒத்துவராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புது ரோல் படிப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தாளவாத்தியக்காரர்களின் அமைப்பான பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984இல் தொகுத்த ரூடிமெண்ட் (அடிப்படை அடி வரிசை) பட்டியலில் இருப்பவை மொத்தம் 40தான். வீடியோக்களில் பார்த்து மலைத்துப்போகிற ரோல்களில் பெரும்பாலானவை அவற்றைப் பிரித்துச் சேர்த்தவையே. படியுங்கள், கைக்கு நல்லது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போன வாரம் படித்தது கைக்கு வராது, பல வருஷமாக அடித்துப் பழகியதுதான் வரும். அந்தப் பழகிய ரோலுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்பதே கேள்வி.

டாம் மாற்றுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, உடனே பலனும் தரும். மேலிருந்து கீழே இறங்குவதைத் திருப்பிப்போட்டு, ஃப்ளோர் டாமில் தொடங்கி ஸ்னேரில் முடித்தாலே பாட்டு மேலே ஏறுகிற உணர்ச்சி வந்துவிடும். சுருதி வித்தியாசத்தைக் கேட்பவர் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, அது தானாகக் காதில் விழும். இதற்குத் தேவை சரியாகச் சுருதி சேர்த்த டாம்கள், அங்கேதான் சிக்கல். வாடகை செட்டில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், பல நேரம் இரண்டு டாமும் ஒரே மாதிரி கேட்கும், சாவி கொண்டுவந்து திருகி உட்கார நேரமும் இருக்காது. இன்னொன்று, டாம் எத்தனை மாறினாலும் ரோலின் தாள உருவம் மாறுவதில்லை. நாலு நாலாக நகர்கிற அடி நாலு நாலாகவேதான் நகர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் கிட்டார்க்காரருக்கு அது பழைய ரோல்தான்.

நடை மாற்றுவது இதைவிடப் பெரிய விஷயம். நாலு நாலாக நகரும் சதுஸ்ரத்தில் ஓடும் பாட்டில் ஒரு பாருக்கு மட்டும் மூன்று மூன்றாக நகரும் திஸ்ரத்துக்குப் போய், 16 அடிக்குப் பதில் 12 அல்லது 24 அடி போடுவது. டெம்போ 120, அதாவது நிமிஷத்துக்கு 120 எண்ணிக்கை, என்றால் ஒரு பார் 2 விநாடி. அதில் 16 அடி விழும்போது அடிக்கு அடி 0.125 விநாடி, 24 ஆக்கினால் சுமார் 0.083 விநாடி. கை வேகம் இருந்தால் சபை எழுந்து உட்காரும், சந்தேகமே இல்லை. நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர்ப்பக்கம் நம்முடையது, நாதஸ்வரத்துக்குத் தவில் நடை மாற்றுவதைக் கோயில் வீதியில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஜனங்கள், அவர்களுக்கு இது புதுசும் இல்லை. ஆனால் தவில்காரருக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்தில் ஒருவர் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருப்பார். வில்லுப்பாட்டிலும் அப்படித்தான், உடுக்கையும் குடமும் எங்கே சுற்றினாலும் ஜால்ரா நின்ற இடத்தில் நிற்கும். மெல்லிசையில் தாளம் பிடிப்பதும் நாமே, ரோல் போடுவதும் நாமே. அந்த ஒரு பாரில் நாம் திஸ்ரத்துக்குப் போய்விட்டால் பாடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. மேடையை விட்டு இறங்கியதும் "அண்ணாச்சி, எங்க எடுக்கணும்னே தெரியல" என்று பாடகர் வருத்தத்தோடு சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி ரோலுக்குப் பிறகுதான். சேர்ந்து நிறைய ஒத்திகை பார்த்த குழுவென்றால் தாராளமாகச் செய்யலாம், அன்றைக்குத்தான் சந்தித்த பாடகரோடு வேண்டாம் என்பேன்.

இனி அழுத்தம். அடி அதே 16, வேகம் அதே, கை மாறி மாறி விழுவதும் அதே. எந்த அடி மேலே எழும்புகிறது என்பது மட்டும் மாறும். சொற்கட்டாக, ஒரு அடிக்கு ஒரு எழுத்து என்று, சொல்லிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். பழைய ரோல், தகதிமி தகதிமி தகதிமி தகதிமி, ஒவ்வொரு 'த'விலும் அழுத்தம். இதையே தகிட தகிட தகிட தகிட தகதிமி என்று சொல்லுங்கள், மூன்றின் நான்கு மடங்கு 12, கூட 4, மொத்தம் 16. இப்போது 1, 4, 7, 10, 13 ஆகிய அடிகளில் அழுத்தம். கையில் ஒரு அடிகூடக் கூடவில்லை, குறையவில்லை, ரோல் மட்டும் வேறு. இதில் 13ஆவது அடி சரியாக நாலாம் எண்ணிக்கையில் விழுவதைக் கவனியுங்கள். நடுவில் அலைந்துவிட்டு, பார் முடியுமுன் எல்லாரையும் தரையில் இறக்கிவிடுகிறது, அதனால் பழக்கமில்லாத பாடகரோடும் இதைத் துணிந்து போடலாம்.

தகிட தகிட தக, தகிட தகிட தக என்பது அடுத்தது, எட்டு எட்டாக இரண்டு தடவை. மூன்றாம் எண்ணிக்கையில் மறுபடி ஒரு தொடக்கம் வருவதால் இது இன்னும் தெளிவு, ஆட்டம் போட வைக்கும் பாட்டுக்கு இதுதான் பொருத்தம். தகதகிட தகதகிட தகிட தகிட, அதாவது 5, 5, 6, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடைசி ஆறை ஒரே துண்டாக எடுத்து அதன் தொடக்கத்தில் மட்டும் அழுத்தம் வைத்தால் 1, 6, 11 மூன்றே இடம்தான் மேலே வரும். ஆனால் இரண்டு, மூன்று, நான்கு எந்த எண்ணிக்கையிலும் அழுத்தம் விழாது. கேட்கச் சுகமாக இருக்கும், கூட வாசிப்பவர் எண்ணிக்கை தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்போதும் ஒன்று செய்யலாம், ஜோடித் தட்டான ஹைஹேட்டின் பெடலை இடது காலால் நாலு எண்ணிக்கையிலும் மூடிக்கொண்டே இருங்கள். வில்லுப்பாட்டு ஜால்ராவின் வேலையை அந்தக் கால் பார்த்துக்கொள்ளும். நடை மாற்றும் வழிக்கு நான் சொன்ன குறை இங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அடிகளின் இடைவெளி மாறவே இல்லை, காலும் கையும் ஒரே கட்டத்துக்குள்தான் ஓடுகின்றன.

கஷ்டம் எங்கே என்றால் இடது கையில். வலதில் தொடங்கி மாற்றி மாற்றி அடித்தால் தகதிமியில் 'த', 'தி' இரண்டும் வலது, 'க', 'மி' இரண்டும் இடது. பழைய ரோலில் அழுத்தம் முழுக்க வலது கைக்கே போய்க்கொண்டிருந்தது, இடது கை கூடவே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். தகிடவுக்குப் போன உடனே 4ஆவது, 10ஆவது அழுத்தம் இடது கைக்கு வருகிறது, அங்கே ஓசை சப்பென்று விழுந்தால் ரோல் நொண்டும். தகிட ரோலை ஒவ்வொரு கையாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு அழகு தெரியும்: ஒவ்வொரு கையும் தன்னளவில் ஒரு பலத்த அடி, இரண்டு மெல்லிய அடி என்று தனியாக ஒரு தகிட வாசிக்கிறது, இரண்டும் பின்னிக்கொண்டுதான் அந்த உருவம் வருகிறது. ஆகவே முதலில் இடது கையை மட்டும் வைத்து அந்தத் தகிடவை 60 டெம்போவில் நன்றாக ஊற வையுங்கள். அதன்பிறகு எல்லா 'க'விலும் மட்டும், எல்லா 'மி'யிலும் மட்டும் அழுத்தம் வைத்து 16 அடி போடுங்கள், முழு அழுத்தமும் இடது கைக்கே போகும். சலிப்பான வேலைதான், இதைத் தாண்டாமல் மற்றது வராது.

அழுத்தம் என்றால் ஓங்கி அடிப்பது என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்த வழி பலருக்குப் பலிக்காமல் போகிறது. 16 அடியும் ஏற்கெனவே முழுப் பலத்தில் விழுந்துகொண்டிருந்தால் அதற்கு மேல் எங்கே ஏற்றுவது? மற்ற அடிகளை இறக்க வேண்டும். அழுத்த அடிக்கு ஸ்டிக் நுனி 25, 30 செ.மீ. உயரத்திலிருந்து வரட்டும், மற்றவை தோலிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் எழ வேண்டாம். பலத்த அடி விழுந்தவுடன் ஸ்டிக்கைக் கீழேயே நிறுத்துவதும், அடுத்த அழுத்தத்துக்கு முந்தைய மெல்லிய அடியைத் தட்டும்போதே மணிக்கட்டை உயர்த்திக்கொள்வதும் சேர்ந்துதான் இது. டிரம் ஆசிரியர் சான்ஃபோர்ட் மோல்லர் பெயரால் சொல்லப்படும் சாட்டை வீச்சு முறை இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே அசைவாக்கித் தருகிறது, கையும் சீக்கிரம் ஓயாது.

சரி, எந்த மேடைக்கு எது? ஓசை நீண்டு தங்கும் பழைய சர்ச்களில், உயர்ந்த கூரை, கல் சுவர், அழுத்த வழியை மற்றது எதுவும் நெருங்க முடியாது. ஓசை அடங்க 2 விநாடி எடுக்கும் கட்டிடத்தில் 120 டெம்போ ரோலின் கடைசி அடி விழும்போது முதல் அடியின் ஓசையே இன்னும் அடங்கியிருக்காது, டாம்களில் 16 அடியும் சமமாகப் போட்டால் பின்வரிசையில் ஒரே இரைச்சலாகத்தான் போய்ச் சேரும். மெல்லிய அடிகளை இறக்கிவிட்டால் தகிட ரோலில் எழும்பி நிற்கும் அந்த ஐந்து அடி மட்டும் பிரிந்து கேட்கும், அதுவே போதும். பாடகர் குழுவின் குரலும் அமுங்காது. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை, அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) என்று நிறைய சர்ச்சில் வாசிக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

கோயில் கொடைத் திருவிழாவில் நிலைமை வேறு. சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ நடக்கும் கொடையில் திறந்தவெளி, பாக்ஸ் அடுக்கி ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திறந்து வைத்திருப்பார்கள், இன்னொரு பக்கம் நையாண்டி மேளம். ஒலி அந்த அளவுக்கு முட்டிக்கொண்டு நிற்கும்போது மெல்லிசும் பலமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அருமையாகப் பழகிய அழுத்தங்கள் மேடைக்கு முன்னால் பத்தடி தள்ளி நிற்பவருக்கே தெரியாது. அங்கே டாம் மாற்றும் வழிக்குத்தான் பலம், சுருதி வித்தியாசத்தை ஆம்ப்ளிஃபயர் தின்றுவிடாது. நான் அங்கே இரண்டையும் சேர்க்கச் சொல்வேன்: மெல்லிய அடிகள் எல்லாம் ஸ்னேரிலேயே இருக்கட்டும், அழுத்தம் விழும் அடிகளை மட்டும் டாமுக்கு அனுப்புங்கள், காலால் அடிக்கும் கிக் டிரம்மும் அதோடு விழட்டும். 3, 3, 3, 3, 4இல் இடது கை அழுத்தம் மேல் டாமுக்கும் வலது கை அழுத்தம் ஃப்ளோர் டாமுக்கும் போனால் ஃப்ளோர், மேல், ஃப்ளோர், மேல், ஃப்ளோர் என்று ரோல் பேச ஆரம்பிக்கும், கைகள் குறுக்கே போகவும் வேண்டியதில்லை.

கொடைப் பாட்டுகளில் நிறைய 6/8 ஓட்டத்தில் (பாருக்கு ஆறு துண்டு, மூன்று மூன்றாக) இருப்பவை, கும்மி, தெம்மாங்கு எல்லாம். அதில் 12 அடி ரோலுக்கு வழக்கமான அழுத்தம் 1, 7. அதைத் தகதிமி மூன்று தடவையாக்கி 1, 5, 9இல் வையுங்கள், இரண்டாக நடந்த கால் ஒரு பாருக்கு மூன்றாக நடக்கும். மூன்றுமே வலது கையில் விழுவதால் இது சுலபமும்கூட. தகதகிட, தகதிமிதகிட என்று 5, 7 ஆகப் பிரித்தால் 6ஆவது அடி இடது கையில் ஒரு அடி முந்திக்கொண்டு வந்து நிற்கும், நையாண்டி மேளம் கேட்டுப் பழகிய கூட்டம் அந்த ஒரு அடி முந்தலை உடனே பிடித்துக்கொள்ளும்.

ரோலை அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குவதையும் சிலர் தனி வழியாகச் சொல்வார்கள். நான் அதை அழுத்த வழியின் பங்காளியாகத்தான் பார்க்கிறேன், முதலில் இதைப் பழகினால் அது கூடவே வரும்.

ரிதம் பேடில் (டிரம்முக்குப் பதில் தட்டும் மின்னணுப் பலகை) வாசிக்கிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அடியின் வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணாக எடுத்துக்கொள்கிற கருவி அது. சத்தம் பத்தவில்லை என்று யாராவது வெலாசிட்டி கர்வை (எந்த அடிக்கு எவ்வளவு சத்தம் என்ற அமைப்பை) லவுட் பக்கம் தள்ளியிருந்தால் மெல்லிய அடியும் பெரிதாகத்தான் கேட்கும், எத்தனை பழகியும் அழுத்தம் வராது. வாடகை பேடென்றால் சவுண்ட் செக்குக்கு முன்பே அதை, அடிக்கு ஏற்ற அளவில் சத்தம் தரும் லீனியருக்குக் கொண்டுவந்து, மெல்லிய அடி எவ்வளவு மெல்லிசாகக் கேட்கிறது என்பதை முதலில் தட்டிப் பாருங்கள். சத்தம் வேண்டுமென்றால் மிக்ஸரில் ஏற்றிக்கொள்ளலாம்.