க்வின் தெலுங்கு அகராதி: ‘சார்ஜ்’ போன்ற பலபொருள் சொல்லுக்கு எப்படி உதவுகிறது?

ஓர் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஒரே ஒரு தெலுங்குச் சொல்லைத் தரும் செயலிகள் நிறைய இருக்கின்றன. நாற்காலி, மழை போன்றவற்றுக்கு அது போதும். ‘சார்ஜ்’ மாதிரி ஏழெட்டுப் பொருள் உள்ள சொல்லுக்குப் போதாது. கட்டணமா, குற்றச்சாட்டா, பொறுப்பா, மின்னூட்டமா என்று செயலிக்குத் தெரியாது. அது தருவதை அப்படியே எடுத்துப் போட்டால் மொழிபெயர்ப்பு கெடும். இந்த வேலைக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் முதலில் பரிந்துரைப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘டிஜிட்டல் டிக்‌ஷனரீஸ் ஆஃப் சவுத் ஏசியா’ தளத்தில் உள்ள ஜே.பி.எல். க்வின் அகராதி. ஆக்ஸ்ஃபர்டு பதிப்பகம் 1991-ல் வெளியிட்டது. தற்காலத் தெலுங்கை மையமாக வைத்துத் தொகுக்கப்பட்டது என்பதுதான் அதன் பலம்.

ஆனால் அது தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் அகராதி. நமக்குத் தேவை எதிர்த்திசை. அதனால் தலைச்சொல் (பதிவின் தலைப்பாக வரும் தெலுங்குச் சொல்) தேடலை விட்டுவிட்டு, பதிவு முழுவதிலும் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பெட்டியில் ஆங்கிலச் சொல்லை இட வேண்டும். விளக்கத்தில் அந்தச் சொல் வரும் தெலுங்குப் பதிவுகள் வரிசையாக வரும். பொருள்வாரியாகப் பிரித்திருக்காது, பிரிக்கும் வேலை நம்முடையது. அடுத்து, பொருத்தமாகத் தோன்றும் தெலுங்குச் சொல்லை எடுத்துத் தலைச்சொல்லாகத் திரும்பத் தேடி, அதன் முழுப் பதிவையும் படிக்க வேண்டும். பெரும்பாலானோர் இந்த இரண்டாம் படியைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

‘சார்ஜ்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கட்டணம் என்றால் ‘ருசுமு’. பஸ் கட்டணம் என்றால் மக்களும் பத்திரிகைகளும் ‘சார்ஜீலு’ என்றே சொல்கிறார்கள். அங்கே ‘ருசுமு’ போட்டால் செயற்கையாக ஒலிக்கும். கட்டணமில்லாமல் என்பதற்கு ‘உசிதங்கா’. தமிழில் உசிதம் என்றால் தகுந்தது. தெலுங்குப் பலகையில் ‘உசித’ என்று பார்த்தால் இலவசம் என்று கொள்ள வேண்டும்.

குற்றம் சாட்டும் பொருளில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். யார் வேண்டுமானாலும் யார்மீதும் வைக்கும் புகார் ‘ஆரோபண’. வழக்கு நடைமுறையில் முறைப்படி சுமத்தப்படுவது ‘அபியோகம்’. குற்றப்பத்திரிகை ‘அபியோகபத்ரம்’, செய்தித்தாள்களில் ‘சார்ஜ்ஷீட்டு’ என்பதும் தாராளமாக வரும். அரசியல்வாதி மேடையில் சொன்ன புகாரை ‘அபியோகம்’ என்று எழுதினால், வழக்கே பதிவானது போல் பொருள் மாறிவிடும்.

பொறுப்பு என்ற பொருளில்தான் தமிழர் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓர் அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்பது தெலுங்கில் ‘பாத்யதலு ஸ்வீகரிஞ்சாரு’. நம் பத்திரங்களில் வரும் பாத்தியதை உரிமையைக் குறிக்கும். தெலுங்கு ‘பாத்யத’ பொறுப்பைக் குறிக்கும். ஏறக்குறைய எதிரெதிர். ஒப்பந்தம் மொழிபெயர்ப்பவர் இந்த ஒரு சொல்லில் தவறினால் யார் கடன்பட்டவர், யார் உரிமையுள்ளவர் என்பதே தலைகீழாகும். ‘அவசரம்’ இப்படிப் பொருள் மாறும் இன்னொரு சொல்: தெலுங்கில் அதற்கு ‘தேவை’ என்று பொருள்.

இயற்பியலில் மின்னூட்டம் ‘ஆவேசம்’. நேர்மின்னூட்டம் ‘தனாவேசம்’, எதிர்மின்னூட்டம் ‘ருணாவேசம்’. சாதாரணப் பேச்சில் அதே ‘ஆவேசம்’ உணர்ச்சிக் கொந்தளிப்பு. கைப்பேசிக்கு மட்டும் ‘சார்ஜிங் பெட்டு’ போதும். தடியடி ‘லாட்டீசார்ஜி’. யானை பாய்ந்து வந்தது என்றால் பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘மீதிகி தூசுகொச்சிந்தி’ என்ற வினையே சரி.

அதே தளத்தில் சி.பி. பிரவுனின் தெலுங்கு-ஆங்கில அகராதியும் இருக்கிறது. முதலில் 1852-ல் மெட்ராஸில் வந்தது. தளத்தில் இருப்பது வெங்கடரத்னம், கேம்ப்பெல், கந்துகூரி வீரேசலிங்கம் மூவரும் திருத்திய 1903-ஆம் ஆண்டுப் பதிப்பு. பழைய இலக்கியம் படிப்பவருக்கு இது விலைமதிப்பற்றது. சொல் வடமொழியா, தெலுங்கா, இந்துஸ்தானியா என்று அடைப்புக்குள் குறித்திருப்பது மொழிநடையைத் தீர்மானிக்கப் பெரிதும் உதவுகிறது. ஆனால் இன்றைய கடிதத்துக்கோ விளம்பரத்துக்கோ இதிலிருந்து சொல்லை நேராக எடுக்கக் கூடாது. நூறாண்டுக்கு முந்தைய நடை அது.

தேடினால் கிடைக்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலே காரணம். தமிழில் ஒரே ‘த’ இருக்கும் இடத்தில் தெலுங்கில் நான்கு. ‘பாத்யத’வில் நடுவில் வருவது த வரிசையின் நான்காம் எழுத்து, கடைசியில் வருவது முதல் எழுத்து; தொடக்கத்தில் இருப்பது ப வரிசையின் மூன்றாவது. ‘அபியோக’த்தில் ப வரிசையின் நான்காவது. ஓர் எழுத்து மாறினாலும் பதிவு வராது. சந்தேகமென்றால் தெலுங்குச் செய்தியிலிருந்து சொல்லைப் பிரதியெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு. அப்போது ஈற்றையும் கவனிக்க வேண்டும்: இன்று ‘ம்’ ஒலியில் முடியும் பெயர்ச்சொற்களைப் பிரவுன் ‘-மு’ என்று முடிப்பார் (புஸ்தகமு), க்வின் ‘-ம்’ என்று முடிப்பார் (புஸ்தகம்). வேற்றுமை ஏறிய வடிவங்களையும் ‘சேசாடு’ போன்ற வினைமுற்றுகளையும் அப்படியே தேடக் கூடாது. ‘சேயு’ என்ற அடிவடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

க்வின் அகராதியின் குறை அதன் வயதுதான். 1991-க்குப் பின் வந்த இணைய, கைப்பேசிச் சொற்களை அதில் எதிர்பார்க்க முடியாது. பாடநூல் கலைச்சொற்களுக்கு, 1968-ல் ஐதராபாத்தில் தொடங்கிய தெலுகு அகாடமியின் கலைச்சொல் தொகுப்புகளே சரியான இடம். எது வழக்கில் இருக்கிறது என்று உறுதிசெய்ய, கிடைத்த சொல்லை அதன் வினையோடு சேர்த்து (‘பாத்யதலு ஸ்வீகரிஞ்சு’ என்பதுபோல) ஈநாடு, சாக்‌ஷி ஆகிய தெலுங்கு நாளிதழ்களின் செய்திகளில் தேடிப் பாருங்கள். தலைச்சொல்லை மட்டும் தேடினால் எந்தப் பொருளில் வந்தது என்று தெரியாது. வினையோடு தேடினால் தெரிந்துவிடும்.

தெலுங்கு எழுத்தே தெரியாதவருக்கு இந்த அகராதி எளிதில் உதவாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்து, மொழிபெயர்ப்பையோ அலுவலகக் கடிதத்தையோ பொறுப்பாகச் செய்ய நினைப்பவர் தயங்காமல் இதை வைத்துக்கொள்ளலாம்.