கல்யாண டிவிடியில் "மோஷன் மெனு": மீதிப் பணம் கொடுக்குமுன் ரிமோட்டை வாங்கி அழுத்திப் பாருங்கள்

ஒரு கல்யாண வீட்டாருக்கு ஸ்டூடியோவில் கொடுத்த டிவிடி செட். பில்லில் "மோஷன் மெனு" என்று தனி வரி, அதற்குத் தனிக் காசு. போட்டால் மெனு அழகாகத்தான் வருகிறது. மணமக்கள் படம் சுழல்கிறது, பூ உதிர்கிறது, கீழே நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று மூன்று பட்டன். ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றும் நகரவில்லை. சிறிது நேரத்தில் நிச்சயதார்த்தம் தானாக ஓட ஆரம்பிக்கிறது. முகூர்த்தம் பார்க்க வேண்டுமென்றால் ஓட்டித்தான் தேட வேண்டும். கேட்டதற்குக் கிடைத்த பதில்: "உங்க பிளேயர் பழசு சார்."

பிளேயர்மேல் தப்பில்லை. அது மெனுவே கிடையாது. எடிட் செய்யும்போது படத்துக்கு முன்னால் ஒட்டிய அனிமேஷன் துண்டு, அவ்வளவுதான். பட்டன் மாதிரி வரைந்த படத்துக்குப் பின்னால் எந்தக் கட்டளையும் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். டிஸ்கைக் கம்ப்யூட்டரில் போட்டு 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரைத் திறங்கள். படம் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத விஓபி (VOB, டிவிடியின் வீடியோ கோப்பு) கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும். மெனு அவற்றில் இருக்காது. 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரிலேயே உள்ள விஓபியிலோ, பூஜ்யம் என்று முடியும் விஓபியிலோ இருக்கும். 30 விநாடி அசையும் மெனு 6 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில்) ஏறத்தாழ 22 எம்பி வரும். அந்தக் கோப்புகளே இல்லை, அல்லது சில கேபிதான் என்றால் மெனு செய்யவில்லை என்று அர்த்தம். ஃபோல்டரே இல்லாமல் வெறும் எம்பி4 கோப்பு மட்டும் இருந்தால் அது டேட்டா டிஸ்க். சில பிளேயரில் ஓடும், பலவற்றில் ஓடாது.

உண்மையான மெனுவில் பின்னணி என்பது 720x576 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் எம்பெக்-2 வீடியோ. பட்டனுக்குள் அசையும் குட்டிப் படங்களும் அந்த வீடியோவிலேயே கலந்தவை. பட்டனைத் தேர்ந்தால் நிறம் மாறுகிறதே, அது மட்டும் மேலே கிடக்கும் தனிப் படலம். அதில் நாலே நிறம்தான், அது அசையாது. வீடியோ முடிந்ததும் "மறுபடி முதலிலிருந்து" என்ற கட்டளை இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் மெனு ஒருமுறை ஓடிக் கறுத்துவிடும், இல்லை நேராகப் படத்துக்குத் தாவும்.

மெனு திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன தயக்கம் தெரிந்தால் அதற்காகச் சண்டை போடாதீர்கள். லேசர் பின்னுக்கு வந்து படிக்க வேண்டியிருப்பதால் அது எல்லா டிஸ்கிலும் உண்டு. வேலை தெரிந்தவர் இரண்டு முனையிலும் ஃபேட் வைத்து அதை மறைத்துவிடுவார். ஆனால் பழைய 4:3 டிவியில் நிறம் மாறும் கட்டம் பட்டனைவிட்டு விலகி நின்றால் சண்டை நியாயமானதே. 16:9 மெனுவுக்கு லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்) முறைக்கான தனிப் படலம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

அடுத்த புகார், நடுவில் உறைந்து நிற்பது. "பிளேயர் பழசு" பதில் இதற்கும் வரும். நீங்களே பிரித்துப் பார்க்கலாம். எந்தப் பிளேயரில் போட்டாலும் அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலை) கோளாறு, அல்லது அந்த இடத்தில் பர்ன் (டிஸ்கில் எழுதுவது) கெட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் என்றால் டிஸ்க் தரம் அல்லது பிளேயரின் லென்ஸ். கடைசி அரை மணியில் மட்டும் திணறினால் வெளி விளிம்பில் பர்ன் சரியாக விழவில்லை. டிவிடியில் வீடியோவுக்கு உச்சவரம்பு 9.8 எம்பிபிஎஸ், சத்தமும் சேர்த்து 10.08. பர்ன் செய்த டிஸ்கில் அந்த எல்லை வரை போவது வம்பு. உச்சத்தை 8-க்குள் நிறுத்தி, சத்தத்தை ஏசி-3 என்ற சுருக்கும் முறையில் 192 அல்லது 256 கேபிபிஎஸ் வைத்தாலே போதும். சுருக்காத பிசிஎம் ஒலி போட்டால் சத்தம் மட்டுமே 1.5 எம்பிபிஎஸ் தின்றுவிடும்.

மூன்று மணி நேரத்தை ஒரே 4.7 ஜிபி டிஸ்கில் அடைப்பது இன்னொரு சிக்கனம். கணக்குப் போட்டால் சத்தத்தோடு சேர்த்தே சுமார் 3.5 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். ஆட்கள் உட்கார்ந்து பேசும் காட்சியில் தெரியாது. ஹோமப் புகையும் அட்சதையும் கேமரா ஃபிளாஷும் ஒன்றாக வரும் தாலி கட்டும் நேரத்தில் படம் சதுரம் சதுரமாக உடையும். எந்தக் காட்சிக்காகப் பணம் கொடுத்தார்களோ அதே காட்சி! இரண்டு டிஸ்காகப் பிரித்துக் கேளுங்கள். வேகமாக நகரும் காட்சிகள் மட்டும் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை தலைகீழ் (ஃபீல்டு என்பது ஒரு ஃபிரேமின் ஒன்றுவிட்ட வரிகள் சேர்ந்த பாதி). பழைய டிவி (DV) கேமரா கேசட் கீழ் ஃபீல்டில் தொடங்கும், எச்டிவி (HDV) கேசட் மேல் ஃபீல்டில். மாற்றிவிட்டால் மறுபடி என்கோட் செய்வதுதான் வழி.

டிஸ்கையும் திருப்பிப் பாருங்கள். மணமக்கள் படம் காகித ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், வெயிலில் டிஸ்க் வளையும். நேரடியாக அச்சிடும் வெள்ளை டிஸ்க் கேளுங்கள். ஆர்டபிள்யூ (அழித்து எழுதும்) டிஸ்க் வேண்டாம், ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் பழைய பிளேயர்கள் படிக்கத் திணறும். 16எக்ஸ் வேக டிஸ்கை 8எக்ஸ் வேகத்தில் எழுதி, வெரிஃபை செய்து (எழுதியதைச் சரிபார்த்து), ஃபைனலைஸ் செய்தார்களா (முடித்து மூடினார்களா) என்று கேளுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. விஎல்சி எதையும் ஓட்டும். டிவியோடு இணைந்த சாதாரணப் பிளேயரில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, ஒரு பகுதி முடிந்ததும் மெனுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முழுப் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. விஓபி கோப்புகளை டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் போட்டு, வீடியோவுக்கு "காப்பி" என்று தேர்ந்தால் தரம் குறையாமல் புது மெனு வைக்கலாம்.

டிஸ்கோடு ஐஎஸ்ஓ (முழு டிஸ்கின் நகல்) கோப்பையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். "காப்பி ஆகல சார், எரர் வருது" என்பார்கள். பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து கொண்டு போங்கள், ஏறிவிடும்.