ஆல்புமின் ரேஞ்ச்: கிட் தாளா, 120 பேரா, 20 பேரா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்களில் சிலர் டாக்டரைப் பார்க்கப் பொள்ளாச்சிக்குப் போவார்கள், சிலர் பாலக்காட்டுக்கு. ரிப்போர்ட்டும் கூடவே பஸ் ஏறும். ஒருநாள் ஒரு பையன் தன் அம்மாவின் இரண்டு தாள்களை என் மேஜையில் விரித்தான். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் எங்கள் லேபில் 3.4, இன்னொரு லேபில் 3.8. இரண்டிலும் நார்மல் ரேஞ்ச் 3.5 முதல் 5.0 வரை. எங்கள் தாளில் மட்டும் 'குறைவு'.

"இதுல எதுங்க சரி, அக்கா?"

தப்பு எங்களுடையதுதான். ஆல்புமினைப் பிடித்து அளக்கும் சோதனைக் கிட்டில், பிசிஜி என்ற பச்சைச் சாயத்திலிருந்து பிசிபி என்ற ஊதாச் சாயத்துக்கு அப்போதுதான் மாறியிருந்தோம். பச்சை, குளோபுலின் என்ற வேறு ரத்தப் புரதத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கூட்டிக் காட்டும். ஊதா அப்படியில்லை. கிட்டை மாற்றியவர்கள் கம்ப்யூட்டரில் ரேஞ்சை மாற்றவில்லை. புதுக் கிட்டின் தாளில் 3.2 முதல் 4.6 என்று இருந்தது. யாரும் பிரித்தே பார்க்கவில்லை.

சரி, அந்தத் தாளை அப்படியே நம்பலாமா? செலவில்லை. ஆனால் அது யார் ரத்தத்தில் போட்ட கணக்கோ.

சொந்தமாக ரேஞ்ச் போட, லேப்களுக்குத் தரநிலை வகுக்கும் சிஎல்எஸ்ஐ அமைப்பின் வழிகாட்டி குறைந்தது 120 ஆரோக்கியமானவர்களைக் கேட்கிறது. இரண்டு முனையிலும் 2.5 சதவீதத்தை வெட்டிவிட்டு நடுவில் நிற்பதுதான் ரேஞ்ச். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரி. எனக்கு உதைத்தது பராமரிப்பு. டீலர் மலிவாக ஒரு கிட் கொண்டுவருவார், முதலாளி தலையாட்டுவார். அது வேறு சாயமாக இருந்தால் 120 பேரின் உழைப்பும் குப்பைக்கு. மறுபடி 120 பேருக்கு எங்கே போவது?

அதே வழிகாட்டியில் உள்ள 20 பேர் சோதனையை எடுத்தேன். கிட் ரேஞ்சுக்கு வெளியே இரண்டு பேர் வரை போனால் ஏற்கலாம். மூன்று, நான்கு என்றால் இன்னொரு 20 பேர். அதற்கும் மேலே போனால் அந்த ரேஞ்சையே சந்தேகப்பட வேண்டும். பேக்கரிப் பையன், ஆட்டோக்காரர்கள், பக்கத்துக் கடை அக்காமார் என்று ஒரே வாரத்தில் முடிந்தது. ஒரு கள் இறக்குபவர் தோப்பிலிருந்து நேராக நடந்து வந்தார், 4.8. கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன், 4.5. நின்றால், நடந்தால் ரத்தத்தின் நீர் திசுவுக்குள் இறங்கி புரதம் கெட்டிப்படும். அப்புறம் எல்லோரையும் உட்காரவைத்தே ரத்தம் எடுத்தேன். 20 பேரும் உள்ளே. பழைய 3.5-ஐ வைத்திருந்தால் தெம்பான மூன்று பேர் 'குறைவு' ஆகியிருப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஆல்புமின் இயல்பாகவே இறங்கும், அவர்களைச் சேர்க்கவில்லை. குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது. கிட் தாளில் இருப்பதையே போடுகிறேன்.

போன வாரம் டீலர் வேறொரு கிட்டைக் காட்டிவிட்டுப் போனார். பேக்கரிப் பையனிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.