ஏர் டெக்கானா பாராமவுண்டா, நம்ம ராம்நாடு பக்கத்து ஆளுக்கு எது சரி

கீழக்கரை, தொண்டி பக்கம் யாரு ஃப்ளைட் ஏறணும்னாலும் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகணும், அங்க வந்து போன விமானக் கம்பெனிங்கிறதால இந்த ரெண்டு பழைய கம்பெனி கதையும் நமக்கும் சொந்தம்தான்.

ஏர் டெக்கான் 2003ல கேப்டன் கோபிநாத் ஆரம்பிச்சது. ஏடிஆர்ங்கிற சின்ன ப்ரொப்பெல்லர் விமானம், சாப்பாடு தண்ணி எல்லாம் காசு குடுத்துதான் வாங்கணும், ஆனா ஒரு ரூபா டிக்கெட்னு போட்டு பஸ்ல போறவன பிளேன்ல ஏத்துனாங்க பாருங்க, அது பெரிய விஷயம்.

பாராமவுண்ட் அப்படியே எதிர். மதுரை டெக்ஸ்டைல் குடும்பத்து தியாகராஜன் 2005ல தொடங்குனது, பிரேசில்ல செஞ்ச எம்ப்ரேயர் ஜெட், எல்லாமே பிசினஸ் கிளாஸ் சீட்டு, வரிசைக்கு ரெண்டு ரெண்டா இருக்கும், நடுவுல மாட்டிக்கிட்டு முழங்கை இடிக்கிற வேலையே இல்ல. 80 சீட்டுக்குக் கம்மியான விமானத்துக்கு லேண்டிங் சார்ஜ் கிடையாதுங்கிற சலுகையும் அவங்களுக்குக் கைகொடுத்துச்சு.

ரெண்டும் நிலைக்கல. டெக்கான் கிங்ஃபிஷர் முதலாளி விஜய் மல்லையா கைக்குப் போயி கிங்ஃபிஷர் ரெட்னு பேரு மாறுச்சு, பாராமவுண்ட் விமானத்த வாடகைக்கு விட்டவங்களோட தகராறாகி 2010ல நின்னுபோச்சு.

சொகுசுல பாராமவுண்ட்தான், சந்தேகமே இல்ல. ஆனா என் ஓட்டு டெக்கானுக்கு, கடல்ல வலை போடுறவர் வீட்டுப் புள்ளையும் சவுதிக்கு வேலைக்குப் போறவரும் தாங்குற விலைய யோசிச்சது அவங்கதான். ராம்நாடு பக்கத்து உச்சிப்புளியில கடற்படை ஓடுதளம் இருக்கு, அங்கேருந்து ஒரு ஏடிஆர் சென்னைக்குக் கிளம்புனா நமக்கு அது போதும்.