நடுகல் புத்தகத்துக்கு எந்த மென்பொருள்? பேஜ்மேக்கர் முதல் லாடெக் வரை

தருமபுரிப் பக்கம் நடுகல் தேடி அலைகிற நண்பர்கள் சிலர், முன்பு போட்ட புத்தகத்தை விரிவாக்கி மறுபதிப்பு கொண்டுவர வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். முந்நூறு பக்கம், ஏகப்பட்ட அடிக்குறிப்பு, படங்கள், கடைசியில் ஊர்ப்பெயர் அடைவு. எதில் செய்வது என்று வேர்டு, லிப்ரே ஆபீஸ், இன்டிசைன், லாடெக் நான்கிலும் செய்து பார்த்தேன்.

பழைய பதிப்பு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் ஒரு டி.டி.பி. கடையில் செய்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், அதற்கு யூனிகோட் (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடு) தெரியாது. அந்தக் கோப்பிலிருந்து ‘அம்மா’ என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் வரும். எழுத்துமாற்றியில் போட்டு எடுத்தாலும் ஒவ்வொரு வரியையும் மறுபடி புரூஃப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னும் நிறைய கடைகளில் இதுதான் ஓடுகிறது, கை அதில் பழகிவிட்டது என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் மறுபதிப்பு காண வேண்டிய எதையும் இதில் செய்யாதீர்கள்.

வேர்டு எல்லோரிடமும் இருக்கிறது, திருத்தங்களைக் குறித்து அனுப்பலாம். கட்டுரைக்குப் போதும். படம் நிறைந்த நீளப் புத்தகத்தில், மேலே ஒரு பத்தி சேர்த்தால் கீழே படங்கள் இடம் மாறி ஓடுகின்றன. லிப்ரே ஆபீஸ் இலவசம், பாணிகளை (ஸ்டைல்) ஒழுங்காகக் கையாள்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பாணி அமைப்பில் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தனிப் பகுதியில் இருக்கும், இங்கிலீஷ் பகுதியில் மாற்றிவிட்டுத் தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று தேடக்கூடாது.

படத்தை நினைத்த இடத்தில் நிறுத்த, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனை மிஞ்ச முடியாது. பத்தி அமைப்பில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ‘கெ’யில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் உட்காரும். சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தடை.

கடைசியில் உள்பக்கங்களுக்கு நான் எடுத்தது லாடெக், அதிலும் யூனிகோட் தெரிந்த சீலாடெக். இதன் அடித்தளமான டெக், கணினி அறிஞர் டொனால்ட் குனூத் தன் சொந்தப் புத்தகத்தின் மறுபதிப்புப் புரூஃப் பிடிக்காமல் 1977இல் எழுதத் தொடங்கியது. கற்க நாளாகும். பொத்தான் கிடையாது, கட்டளைகளை எழுத வேண்டும், ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் நின்றுவிடும். ஆனால் வரி உடைக்கும்போது பத்தி முழுவதையும் பார்த்து முடிவு செய்வதால் ‘நிறுத்தப்பட்டிருக்கிறது’ போன்ற நீளச் சொற்கள் வந்தாலும் சொல்லிடைவெளி பெரும்பாலும் சீராக இருக்கிறது. வரி முடிவில் சொல்லை உடைத்துச் சிறுகோடு போட்டது, அது நம் புத்தக வழக்கம் இல்லையே. எழுத்துரு அமைப்பில் கோட்டுக்குப் பதிலாக அகலமில்லாத ஓர் எழுத்தைக் கொடுத்ததும் சரியானது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, இதன் மூலக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு என்பது. அதை கிட் என்ற, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளில் வைத்தால் யார் எந்த எழுத்தை எப்போது மாற்றினார்கள் என்பது வரி வரியாகத் தெரியும். நடுகற்களில் ‘தொறு’ என்று வரும், மாட்டு மந்தை என்று பொருள். தொறு மீட்டுப் பட்டவனுக்குத்தானே கல்லே நட்டிருக்கிறார்கள்! கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு திருத்தத்தில் அது நல்லெண்ணத்தோடு ‘தெரு’ ஆகியிருந்தது. பழைய வரியும் புதிய வரியும் சிவப்பும் பச்சையுமாக மேலும் கீழும் நின்றதால் கண்ணில் பட்டது. பழைய பதிப்பில் அதே சொல் மூன்று இடத்தில் ‘தெரு’ என்றே அச்சாகியிருக்கிறது.

லாடெக்கோடு வரும், அடைவு தயாரிக்கும் மேக்இண்டெக்ஸ் மட்டும் தமிழுக்கு ஆகாது. அது குறியீட்டு எண்படி அடுக்குகிறது, யூனிகோடில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலைக்குப் பின்னால் வர வேண்டிய பென்னாகரம் முன்னால் வந்துவிட்டது. ஊர்ப்பெயர்களைத் தனியாக எடுத்து, பைதான் நிரல்மொழியில், பல மொழிகளின் அகரவரிசை தெரிந்த ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசைப்படி அடுக்கித் திரும்பச் சேர்த்தேன். அட்டை மட்டும் நண்பர் ஒருவர் இன்டிசைனில் செய்து தருகிறார்.